ஸ்பாண்டாவ் கோட்டை: சண்டையைவிடச் சாவி அதிகம் கைமாறிய இடம்

கேள்வி இது: "பெர்லின் போகப்போகிறேன். அங்கே ஆற்றங்கரையில் இருக்கும் ஸ்பாண்டாவ் கோட்டையில்தான் ஹிட்லரின் துணைத் தலைவர் ருடால்ஃப் ஹெஸ் அடைபட்டிருந்தாராமே, உண்மையா? அவ்வளவு பெரிய கோட்டையை எதற்குக் கட்டினார்கள்? எந்தப் போரிலாவது அது உதவியதா?"

முதலில் ஹெஸ் விஷயத்தை முடித்துவிடுவோம். அவர் இந்தக் கோட்டையில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் அது. ஸ்பாண்டாவ் (அவர்கள் உச்சரிப்பில் ஷ்பாண்டாவ்) என்பது ஊரின் பெயர். அந்த ஊரில் வில்ஹெல்ம் தெருவில் 1876இல் கட்டிய ராணுவச் சிறை ஒன்று இருந்தது. போருக்குப் பின் நாஜித் தலைவர்கள்மேல் நடந்த நியூரம்பர்க் விசாரணையில் சிறைத்தண்டனை பெற்ற ஏழு பேரை 1947இல் அங்கேதான் கொண்டுவந்து அடைத்தார்கள். 1966க்குப் பிறகு ஹெஸ் ஒருவர் மட்டுமே மிச்சம். அந்த ஒரு கிழவருக்காக அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் என நான்கு நாட்டுப் படைகளும் மாதம் மாறிமாறிக் காவல் நின்றன. 1987 ஆகஸ்டில் அவர் இறந்ததும், நாஜி ஆதரவாளர்கள் அதைக் கோயிலாக்கிவிடக் கூடாது என்று கட்டடத்தையே இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஆகவே, அந்தச் சிறையைத் தேடிப் போனால் பார்க்க ஒன்றும் இல்லை. கோட்டை வேறு, அதன் கதையும் வேறு. அது இன்னும் சுவாரசியமானது என்பது என் கட்சி.

சரி, கோட்டை ஏன் அங்கே வந்தது? வரைபடத்தில் பாருங்கள். பெர்லின் நடுவே ஓடிவரும் ஸ்ப்ரே ஆறு, மேற்கே ஹாஃபெல் ஆற்றில் கலக்கும் இடம்தான் ஸ்பாண்டாவ். இரண்டு ஆறு, சுற்றிலும் சதுப்பு. மேற்கிலிருந்து படகில் பெர்லினுக்கு வருகிற யாரும் இந்த மூக்கைத் தாண்டித்தான் வரவேண்டும். சாலைகளைவிட ஆறுகள் நம்பகமாக இருந்த காலத்தில், இங்கே உட்கார்ந்திருப்பவன் கையில் பெர்லினின் கழுத்து இருந்தது என்று சொல்லலாம். அதனால்தான் ஸ்லாவியர் காலத்திலிருந்தே இந்தப் பக்கம் குடியிருப்பும் அரணும் இருந்தன. ஸ்பாண்டாவ் நகரம் 1232இல் ஆவணத்தில் வருகிறது, பெர்லின் அதற்கும் பிந்தித்தான். 1920 வரை அது தனி நகரம். இன்றும் அந்த ஊர்க்காரர்கள் பெர்லின் நகரத்துக்குள்ளேயே இருந்துகொண்டு "பெர்லினுக்குப் போய் வருகிறேன்" என்று சொல்லிக் கிளம்புவதை நகைச்சுவை என்று எடுத்துக்கொள்ளலாம், வீம்பு என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது நிற்கும் கோட்டைக்கு முன்னால் அதே இடத்தில் பழைய செங்கல் அரண்மனையொன்று இருந்தது. அதன் மிச்சம் இரண்டு. ஒன்று, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யூலியஸ் கோபுரம், 30 மீட்டருக்கு மேல் உயரமான உருண்டைக் கோபுரம். இன்னொன்று அதன் பக்கத்தில் உள்ள பழைய மாளிகை. இந்த மாளிகைக்குள் மனதைக் கனக்கச் செய்யும் ஒரு விஷயம் உண்டு. பழுதுபார்க்கும்போது அதன் அடித்தளத்தில் எபிரேய எழுத்து பொறித்த கல்லறைக் கற்கள் வெளிப்பட்டன, எழுபதுக்கும் மேல். மிகப் பழையது 1244ஆம் ஆண்டுடையது. 1510இல் பெர்லினில் யூதர்கள்மேல் பொய்க் குற்றம் சாட்டி 38 பேரை எரித்துக் கொன்று, மற்றவர்களைப் பிராண்டன்பர்க் நாட்டைவிட்டே துரத்தினார்கள். ஸ்பாண்டாவில் இருந்த அவர்களுடைய இடுகாட்டின் கற்களைப் பெயர்த்து வந்து அரண்மனைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். அவை கோட்டைக்குள் இன்று காட்சிக்கு உண்டு. அவசரமாகக் கோபுரம் ஏறிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

பெரிய கோட்டையைத் தொடங்கியவர் பிராண்டன்பர்க்கை ஆண்ட இரண்டாம் யோவாக்கிம். காலம் 1559-60. செலவாளி என்று பெயர் வாங்கிய மனிதர். ஆனால் இந்தச் செலவுக்குக் காரணம் இருந்தது. பீரங்கி வந்தபிறகு பழைய உயரமான, மெல்லிய மதில்கள் வெறும் இலக்குகளாகிவிட்டன. நிமிர்ந்து நிற்கும் சுவரை இரும்புக் குண்டு எளிதில் பிளந்துவிடும். உருண்டைக் கோபுரத்தில் வேறொரு சிக்கல். அதன் மூக்குக்கு நேர் முன்னால், மேலே நிற்கும் காவலர்களால் சுட முடியாத ஒரு குருட்டு மூலை உருவாகும். எதிரி அங்கே வந்து ஒண்டிக்கொண்டு சுவரின் அடியைத் தோண்டலாம், வெடிமருந்து வைக்கலாம்.

இத்தாலியர்கள் இதற்குக் கணக்குப் போட்டு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். மதிலைத் தாழ்வாகவும் தடிமனாகவும் எழுப்பி, உள்ளே மண்ணைக் கெட்டித்துவிடுவது. குண்டு வந்தால் மண் அதை விழுங்கிக்கொள்ளும். நான்கு மூலைகளிலும் அம்பு முனைபோல் வெளியே நீளும் கொத்தளங்கள். ஒரு கொத்தளத்தின் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அடுத்த கொத்தளத்தின் முகம் முழுக்கத் தெரியும், இடையே உள்ள நீண்ட சுவரும் தெரியும். அதாவது, எந்தச் சுவரும் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்வதில்லை, பக்கத்துக் கொத்தளம்தான் அதைக் காப்பாற்றும். ஒளிந்துகொள்ள ஓரடி நிலம் இல்லை. சுவரை நெருங்குகிற எவனும் இரண்டு பக்கத்துப் பீரங்கிக்கும் நடுவே மாட்டுவான். ஸ்பாண்டாவ் கோட்டையை மேலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால் இந்தக் கணக்கு அப்படியே தெரியும். பக்கத்துக்கு ஏறத்தாழ 200 மீட்டர் கொண்ட சதுரம், நான்கு மூலையிலும் நான்கு கூர்மையான கொத்தளம், சுற்றிலும் தண்ணீர். கொத்தளங்களுக்கு அரசன், அரசி, பட்டத்து இளவரசன், பிராண்டன்பர்க் என்று பெயர். தரை சமமாக இருந்ததும் பக்கத்திலேயே ஆறு ஓடியதும் வாய்ப்பாகப் போயின. மலையிலோ பழைய ஊரின் நடுவிலோ இப்படிக் கட்டினால் நிலத்துக்கு ஏற்பக் கோணலும் மாணலுமாகத்தான் வரும். இங்கே காகிதத்தில் வரைந்தது அப்படியே தரைக்கு இறங்கியது. ஐரோப்பாவில் இந்த வகைக் கோட்டைகளில் நன்றாக மிஞ்சியிருப்பவற்றில் இதுவும் ஒன்று என்று சொல்வது அதனால்தான்.

கட்டியவர்களில் முக்கியமானவர்களும் இத்தாலியர்களே. 1562 முதல் வெனிஸ் பக்கத்திலிருந்து வந்த பிரான்செஸ்கோ கியாராமெல்லா, 1578 முதல் ரோகுஸ் லீனார். லீனார் தஸ்கனிக்காரர். பிரெஞ்சு மன்னரிடம் வேலை பார்த்தவர், புராட்டஸ்டண்ட் ஆனதால் அங்கே இருக்க முடியாமல் ஜெர்மன் அரசவைகளுக்கு வந்தவர். 1594இல் வேலையை முடித்து, 1596இல் ஸ்பாண்டாவிலேயே இறந்தார். அவர் கொடுத்த பலிபீடம் ஊர்த் தேவாலயமான புனித நிக்கோலாஸில் இன்றும் இருக்கிறது. நேரம் கிடைத்தால் அதையும் பாருங்கள்.

கட்டி முடிப்பதற்கு முன்னாலேயே கோட்டையருகே ஒரு விளையாட்டுச் சண்டை நடந்தது. 1567இல் யோவாக்கிம், பெர்லின்காரர்களையும் ஸ்பாண்டாவ்காரர்களையும் தடியும் கையுமாக ஆற்றிலும் கரையிலும் மோதச் சொன்னார். முடிவு ஏற்கெனவே எழுதிவைத்தது: ஸ்பாண்டாவ் தோற்கவேண்டும். ஆனால் பழைய குறிப்புகளின்படி, ஸ்பாண்டாவ்காரர்கள் அந்தப் பகுதியை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அடித்து விரட்டிவிட்டார்கள். இந்தக் கோட்டை வரலாற்றில் ஸ்பாண்டாவ்காரர்கள் இவ்வளவு மூர்க்கமாகச் சண்டை போட்டதாக வேறு எங்கும் நான் படித்ததில்லை.

இங்கே அடைபட்ட முதல் பிரபலக் கைதியும் யோவாக்கிமின் குடும்ப விவகாரம்தான். அவருடைய காதலி அன்னா சீடோ. அவளைச் சிறை வைக்க மாட்டேன் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்த மகன், 1571இல் அப்பா கண்ணை மூடியதும் அவளைப் பிடித்து யூலியஸ் கோபுரத்தில் போட்டான். 1575இல் அங்கேயே இறந்தாள். பின்னால் பல நூற்றாண்டுகள் அரசியல் கைதிகள் வந்துபோனார்கள். ஜெர்மன் உடற்பயிற்சி இயக்கத்தின் தந்தை எனப்படும் ஃப்ரீட்ரிஷ் லூட்விக் யானும் 1819இல் கைதானபோது இங்கே சில நாள் இருந்திருக்கிறார்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி: போரில் உதவியதா? நேர்மையாகச் சொன்னால், மிகக் கொஞ்சம். இந்தக் கோட்டையின் கதையில் மதில் உடைந்ததைவிடச் சாவி கைமாறியதுதான் அதிகம்.

முதல் பெரிய சோதனை முப்பதாண்டுப் போரில். ஸ்வீடன் மன்னர் குஸ்டாவ் அடோல்ஃப் 1631இல் படையோடு வந்து நின்றார். பிராண்டன்பர்க் ஆட்சியாளர் கோட்டையை அவரிடம் ஒப்படைத்துவிட்டார். 1634இல்தான் ஸ்வீடன் படை கிளம்பியது. சண்டை இல்லை. 1757இல், ஏழாண்டுப் போரின்போது ஆஸ்திரியக் குதிரைப்படை பெர்லினுக்குள் திடீரென்று நுழைந்தபோது பிரஷ்ய அரசி (பிராண்டன்பர்க் ஆட்சியாளர்கள் அதற்குள் பிரஷ்ய மன்னர்களாகியிருந்தார்கள்) குடும்பத்தோடு இங்கே ஓடிவந்து தப்பினார். கோட்டை தான் கட்டப்பட்ட வேலையை உருப்படியாகச் செய்தது அந்த ஒரு முறை என்பேன்.

பிறகு 1806. அந்த ஆண்டு அக்டோபர் 14இல் யேனா, அவுயர்ஷ்டெட் என்ற இரு இடங்களில் நெப்போலியனின் படைகள் பிரஷ்யப் படையை நொறுக்கின. பதினோரே நாளில், அக்டோபர் 25இல், மார்ஷல் லான் தன் படையோடு ஸ்பாண்டாவ் வாசலில் நின்றார். கோட்டைத் தளபதி மேஜர் பெனெக்கென்டார்ஃப், இடிபாடாகத்தான் எதிரி கைக்குப் போகும் என்று அரசருக்கு வாக்குக் கொடுத்தவர். கொடுத்த வாக்கு காற்றில் போனது. குண்டு ஒன்றும் வெடிக்கவில்லை, கதவு திறந்தது. பின்னர் ராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்து, அதைக் கோட்டைச் சிறையாகக் குறைத்தார்கள். அவரை மட்டும் கோழை என்று திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த சில நாளில் ஸ்டெட்டின் கோட்டை வெறும் குதிரைப்படையிடம் சரணடைந்தது. அவர்களிடம் கோட்டையைத் தகர்க்கும் பீரங்கியே இல்லை. நவம்பர் 8இல் மாக்டெபர்க் போனது, அது நாட்டின் மிகப் பெரிய கோட்டைகளில் ஒன்று. படை சிதறி, அரசர் கிழக்கே ஓடிய நாட்டில், உள்ளே இருக்கும் வயதான அதிகாரி யாருக்காகச் சாவது?

இதிலுள்ள விபரீதம் 1813இல் வந்தது. ரஷ்யாவில் அடிபட்டுத் திரும்பிய பிரெஞ்சுக்காரர்கள் ஸ்பாண்டாவை விடவில்லை. இப்போது உள்ளே பிரெஞ்சுப் படை, வெளியே முற்றுகையிட்டவர்கள் கோட்டையின் சொந்தக்காரர்களான பிரஷ்யர்கள். ஏப்ரலில் பிரஷ்யப் பீரங்கிகள் சுட்டதில் அரசி கொத்தளத்தின் வெடிமருந்துக் கிடங்கு தீப்பிடித்து வெடித்தது. கொத்தளம் பிளந்தது, உள்ளே இருந்த கட்டடங்கள் எரிந்தன, பழைய ஊரும் சேதப்பட்டது. சில நாளில் பிரெஞ்சுக்காரர்கள் ஒப்பந்தம் பேசி வெளியேறினார்கள். ஆக, அந்நியன் ஒருவனும் செய்யாத சேதத்தை இந்தக் கோட்டைக்குச் செய்தவர்கள் அதன் முதலாளிகள்தான். இன்று யூலியஸ் கோபுரத்தின் தலையில் பார்க்கிற பல்வரிசைபோன்ற மகுடம் பழைய காலத்தது அல்ல. பழுதுபார்த்தபோது கட்டடக் கலைஞர் ஷின்கெல் வரைந்து 1838இல் வைத்தது.

அப்புறம் தங்கம். 1871இல் பிரான்ஸ் தோற்றபோது ஜெர்மனிக்குக் கட்டிய ஈட்டுத்தொகை 500 கோடி பிராங்க். அதில் ஒரு பகுதியை, அடுத்த போர் வரும் நாளில் படைதிரட்டும் செலவுக்கென்று, செலவழிக்காமல் ஒதுக்கினார்கள். 12 கோடி மார்க், முழுக்கத் தங்கக் காசு. 1874 முதல் அதை யூலியஸ் கோபுரத்துக்குள் வைத்துப் பூட்டினார்கள். 1,200 பெட்டி, பெட்டிக்கு ஒரு லட்சம் மார்க். அன்றைய நாணயச் சட்டப்படி கணக்குப் போட்டால் ஒரு பெட்டியில் காசு மட்டுமே சுமார் 40 கிலோ தேறும். மொத்தத்தில் ஏறத்தாழ 43 டன் சுத்தத் தங்கம். வட்டி இல்லை, முதலீடு இல்லை, நாற்பது ஆண்டு அப்படியே கிடந்தது. பொருளாதாரம் படித்தவர்கள் அப்போதே இதைக் கேலி செய்தார்கள். கேலி நியாயமானதுதான். 1914இல், எந்த நாளுக்காகப் பூட்டி வைத்தார்களோ அந்த நாள் வந்தது. முதல் உலகப் போருக்கு ஜெர்மனி செய்த செலவு 15,000 கோடி மார்க்கைத் தாண்டியது. சராசரியாக நாளுக்குப் பத்துக் கோடி. கோபுரத்திலிருந்த அத்தனை தங்கமும் அந்தப் போரில் ஒன்றேகால் நாள் தாங்கியிருக்கும்.

ஆனால் அந்தக் கோபுரம் மொழிக்குள் தங்கிவிட்டது. 1950களில் மேற்கு ஜெர்மனியின் நிதியமைச்சர் ஃப்ரிட்ஸ் ஷெஃபர் வரவுசெலவில் மிஞ்சிய பல நூறு கோடி மார்க்கைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்தபோது, செய்தித்தாள்கள் அதற்கு வைத்த பெயர் "யூலியஸ் கோபுரம்". அரசாங்கம் காசைப் பூட்டிவைத்தால் இன்றும் அந்தச் சொல் எட்டிப் பார்க்கும்.

கோட்டையைச் சுற்றிய ஊர் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே துப்பாக்கி ஊர். 1722இல் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை, பிறகு வெடிமருந்து, பீரங்கி வேலைகள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கியையே "ஸ்பாண்டாவ்" என்று அழைத்தார்கள், அதில் பொறித்திருந்த ஊர்ப்பெயரைப் பார்த்து. வேடிக்கை என்னவென்றால், 1903இல் ஸ்பாண்டாவ் கோட்டை நகரம் என்ற தகுதியையே இழந்திருந்தது. நவீன பீரங்கிக்கு முன்னால் 16ஆம் நூற்றாண்டுச் செங்கல் எம்மாத்திரம்.

நாஜி ஆட்சியில் மிக இருண்ட கட்டம். 1935 முதல் ராணுவத்தின் விஷவாயு ஆய்வுக்கூடம் கோட்டைக்குள் இயங்கியது. பெயர் "வாயுப் பாதுகாப்பு" ஆய்வுக்கூடம். பாதுகாப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் தபூன், சாரின் போன்ற நரம்பு நஞ்சுகளைப் பற்றிய வேலையும் நடந்தது. சுற்றித் தண்ணீர், தடித்த சுவர், ஒரே வாசல். ரகசிய வேலைக்கு இடம் தேடியவர்களுக்கு இதைவிட வாகானது கிடைத்திருக்காது.

1945 ஏப்ரல் கடைசி. செம்படை பெர்லினை வளைத்துவிட்டது. கோட்டைக்குள் ஜெர்மன் சிப்பாய்கள், கூடவே அடைக்கலம் புகுந்த ஊர்மக்கள். சோவியத் 47ஆம் படையின் தளபதி பெர்ஹோரோவிச் சுவரில் ஆட்களை மோதவிட விரும்பவில்லை. போர் முடியப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும், கடைசி நாளில் சாக எவனுக்கு மனம் வரும். பேச அனுப்பினார் இருவரை: மேஜர் கிரிஷின், அவரோடு ஜெர்மன் நன்றாகத் தெரிந்த கேப்டன் விளாதிமிர் கால். கால் ஒரு யூதர். இந்தக் கோட்டையின் அடித்தளத்தில் எந்தக் கற்கள் கிடக்கின்றன என்பதை நினைத்துக்கொண்டு இந்தக் காட்சியைப் படித்தால் ஒரு மாதிரி இருக்கும்.

வாசல் உள்ளிருந்து அடைத்துக் கிடந்தது. கோட்டையின் இரு மூத்த அதிகாரிகள், யுங், கோஹ், வாசலுக்கு மேலிருந்த மாடத்திலிருந்து கயிற்றேணி வழியாக இறங்கி வந்தார்கள். தங்களுக்குச் சம்மதம் என்றாலும் பயனில்லை என்றார்கள். கோட்டையைச் சரணடையச் செய்யும் தளபதியை மற்ற அதிகாரிகள் கொன்றுவிட வேண்டும் என்பது ஹிட்லரின் உத்தரவு. அப்படியானால் அந்த மற்ற அதிகாரிகளிடம் நாங்களே பேசுகிறோம் என்று கிரிஷினும் காலும் முடிவெடுத்தார்கள். ஆயுதம் இல்லாமல், ஆடும் ஏணியில், எதிரியின் மாடத்துக்கு ஏறிப்போனார்கள். மேலே யார் முதலில் சுடுவான் என்று தெரியாத நிலை. உள்ளே நின்ற அதிகாரிகளிடம் பேசி, கெடு சொல்லிவிட்டு, அதே ஏணியில் இறங்கி வந்தார்கள். மே 1 பிற்பகலில் கோட்டை சரணடைந்தது. கொத்தளங்கள் இன்று முழுசாக நிற்பதற்கும், உள்ளே இருந்த மக்கள் பிழைத்ததற்கும் அந்த ஏணிதான் காரணம். 1806இல் கதவைத் திறந்தவருக்கு மரண தண்டனை. 1945இல் கதவைத் திறந்தவர்களைப் பற்றி யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. காலம்தான் வித்தியாசம், செயல் ஒன்றே.

போருக்குப் பின் ஸ்பாண்டாவ் பிரிட்டிஷ் பகுதியில் வந்தது. கோட்டைக்குள் பல காலம் கட்டடத் தொழில் பயிலும் பள்ளி நடந்தது. இப்போது அருங்காட்சியகங்கள், கலைஞர்களின் பட்டறைகள், கோடையில் இசைக் கச்சேரிகள். நிலவறைகளில் குளிர்காலத்துக்கு வௌவால்கள் வந்து தங்குகின்றன, ஒரு பருவத்துக்குச் சுமார் பத்தாயிரம் என்று கணக்கு. பீரங்கிக்காகக் கட்டிய குளிர்ந்த, ஈரமான, அசையாத அறைகள் அவற்றுக்கு அத்தனை பொருத்தம்.

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். பெர்லின் வேண்டாமென்று தள்ளிய சிலைகளை 2016 முதல் இங்கே ஒரு கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். கைசர் வில்ஹெல்ம் தன் முன்னோர்களுக்கு வரிசையாக எழுப்பிய பளிங்குச் சிலைகளில் மிஞ்சியவை மூக்குடைந்து, கையுடைந்து நிற்கின்றன. கடைசியில் லெனினின் தலை. கிழக்கு பெர்லினில் 19 மீட்டர் உயரத்தில் 1970இல் நிறுவிய கிரானைட் சிலையின் தலை அது. பெர்லின் சுவர் விழுந்தபின் சிலையை 129 துண்டாக்கி நகருக்கு வெளியே ஒரு காட்டில் புதைத்தார்கள். 2015இல் தலையை மட்டும் தோண்டி எடுத்தார்கள். அதற்கும் தாமதம், மேலே மண்ணில் அரியவகைப் பல்லிகள் குடியிருந்ததால் முதலில் அவற்றை இடம் மாற்றவேண்டியிருந்தது. எடை மூன்றரை டன். பக்கவாட்டில் சாய்ந்து, தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பதுபோல் கிடக்கிறது. தொட்டுப் பார்க்கலாம்.

போகும் வழி: யூ7 சுரங்க ரயில். நிலையத்தின் பெயரே "சிட்டாடெல்லே", அதாவது கோட்டை. வெளியே வந்து ஐந்து நிமிடம் நடந்தால் பாலமும் வாசலும். அந்த வாசலில் நின்று ஒருமுறை மேலே பாருங்கள், கயிற்றேணி தொங்கிய பக்கம் அதுதான்.